பழைய திங்க்பேடுக்கு ரேம் வாங்கிய அனுபவம்

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துவிடும் லேப்டாப்களைத் துடைத்து விற்கிற கடையில் லெனோவாவின் திங்க்பேட் டி440பி ஒன்றை வாங்கி வந்தான். 2013இல் வந்த மாடல். ஐ5-4300எம் பிராசஸர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். கீபோர்டு அருமை. டச்பேட் கண்றாவி, தனிப் பொத்தானே கிடையாது, மொத்தப் பலகையும் டக்டக்கென்று அமுங்கும். ஆனால் திருப்புளியைக் கையில் எடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும் மெஷின். அடி மூடிக்கு இரண்டே திருகுதான். வேண்டுமென்றால் பிராசஸரைக்கூடக் கழற்றி மாற்றலாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. இந்தத் தலைமுறைப் பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பிரவுசரில் நாலைந்து டேப், கூடவே நிரல் எழுதும் விஎஸ் கோட், அதில் ஒரு ஜாவா புராஜெக்ட் என்று திறந்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். அப்புறம் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப், அதாவது ரேமில் இடம் பற்றாததை டிஸ்க்கில் வைத்து எடுப்பது. மவுஸ் அம்பு நகரவே யோசிக்கும்.

"மாமா, 16 ஜிபி போட்டுடலாம். ஆன்லைன்ல டிடிஆர்3ன்னு தேடினா குவிஞ்சு கிடக்கு" என்றான். குவிந்து கிடப்பதுதான் சிக்கலே. டிடிஆர்3 என்பது ரேமின் ஒரு தலைமுறை. அந்த ஒரே பெயரில் விற்பதில் பாதி இந்த லேப்டாப்பில் ஓடாது. ரேம் செருகும் ஸ்லாட்டில் மட்டும் கச்சிதமாக உட்காரும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. லினக்ஸில் டிஎம்ஐடீகோட் என்ற கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டி, மெமரி பகுதியை மட்டும் கேட்டால் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு சிபியு-இசட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதில் எஸ்பிடி என்ற பக்கம். மொத்தம் இரண்டு ஸ்லாட், ஒன்று காலி, இன்னொன்றில் சாம்சங் 4 ஜிபி, வேகம் 1600 என்று வந்தது. சிபியு-இசட்டில் பார்த்தால் 1600க்குப் பதில் 800 என்று காட்டும். பழுதில்லை. கடிகாரம் துடிப்பது நொடிக்கு 80 கோடி முறை. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும். அதனால் கணக்கில் 1600.

இதில் நான் குறித்துக்கொண்டது பாகத்தின் எண்ணை. எம்471 என்று தொடங்கி ஒய்கே0 என்று முடிந்தது. சாம்சங்கின் டிடிஆர்3 லேப்டாப் ஸ்டிக்குகளில் (ரேம் பலகையைத்தான் ஸ்டிக் என்கிறேன்) கடைசிச் சிறுகோட்டுக்கு அப்புறம் ஒய்கே0 வந்தால் அது 1.35 வோல்ட், சிகே0 வந்தால் 1.5 வோல்ட். இந்த ஓர் எழுத்துதான் முதல் வடிகட்டி.

டிடிஆர்3 தொடக்கத்தில் 1.5 வோல்ட்டில் வந்தது. பிறகு மின்சாரம் மிச்சம் பிடிக்க 1.35 வோல்ட்டில் டிடிஆர்3எல் வந்தது. இரண்டுக்கும் 204 பின், வெட்டுப் பள்ளமும் ஒரே இடத்தில். டிடிஆர்2வும் டிடிஆர்4ம் உள்ளேயே போகாது என்பதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. இங்கே அந்தத் தடுப்பு கிடையாது. இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை லேப்டாப்களில் 1.5 வோல்ட் ஸ்டிக் ஓடும், எல் போட்ட ஸ்டிக்கும் ஓடும். எங்கள் ஐ5-4300எம் சேர்ந்த நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல்லில் லேப்டாப்பின் மெமரிப் பகுதி 1.35க்கு மட்டுமே கட்டப்பட்டது. 1.5 வோல்ட் ஸ்டிக்கைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் திரை கறுப்பாகவே இருக்கும், பீப் சத்தம் வந்தால் உண்டு. லேப்டாப் செத்துவிட்டதென்று பதறிச் சர்வீஸ் கடைக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கைக் கழற்றினால் பழையபடி எழுந்துவிடும்.

அடுத்த கேள்வி, அதிகபட்சம் எவ்வளவு. லெனோவாவின் ஆவணம் டி440பி-க்கு 16 ஜிபி என்கிறது. பையன் இன்டெல் பக்கத்தைத் திறந்து காட்டினான். "மாமா, இந்தப் பிராசஸருக்கு 32 ஜிபின்னு போட்டிருக்கே? 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு போட்டா ஆச்சே!"

ஆகாது. இதுதான் பலர் சறுக்கும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ரேம் ஸ்டிக்கில் கறுப்புச் சதுரங்களாக ஒட்டியிருக்கிறதே, அந்தச் சிப் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதை ஜிகாபிட்டில் சொல்வார்கள். 8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி. 4 ஜிகாபிட் சிப் பதினாறு இருந்தால் 64 ஜிகாபிட், அதாவது 8 ஜிபி. ஹாஸ்வெல்லும் அதற்கு முந்தைய இன்டெல் கோர் பிராசஸர்களும் டிடிஆர்3இல் 4 ஜிகாபிட் சிப் வரைக்கும்தான் படிக்கும். 8 ஜிகாபிட் சிப்பைக் கையாளும் திறன் ஐந்தாம் தலைமுறையான பிராட்வெல்லில்தான் வந்தது. 16 ஜிபி டிடிஆர்3எல் ஸ்டிக் என்று சந்தையில் கிடைப்பதெல்லாம் 8 ஜிகாபிட் சிப்பால் ஆனது. அதனால் ஹாஸ்வெல்லுக்கு ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி என்பதே உச்சம். அப்படியானால் இன்டெல் சொல்லும் 32? அது நான்கு ஸ்லாட் உள்ள போர்டுக்கான கணக்கு. நான்கு எட்டு முப்பத்திரண்டு. டி440பி-யில் இருப்பது இரண்டு, ஆக 16.

இந்தக் கணக்கு தெரிந்தால் கம்பெனி ஆவணத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. திங்க்பேட் எக்ஸ்220-க்கு லெனோவா எழுதி வைத்தது 8 ஜிபி. அந்த லேப்டாப் வந்த காலத்தில் 8 ஜிபி ஸ்டிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கவில்லை, அதனால் இரண்டு 4 என்று எழுதிவிட்டார்கள். அதில் இரண்டு 8 போட்டு இன்றைக்கும் 16 ஜிபியில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆவணம் குறைத்துச் சொல்லும், பிராசஸர் பக்கம் கூட்டிச் சொல்லும். ஸ்லாட்டின் எண்ணிக்கையையும் பிராசஸர் படிக்கக்கூடிய பெரிய ஸ்டிக்கின் அளவையும் பெருக்கினால்தான் சரியான விடை.

வாங்குவதற்கு முன் பையனின் போனில் ஒரு வரியை எழுதி வைக்கச் சொன்னேன். 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். நல்ல கம்பெனி ஸ்டிக் எதிலும் ஸ்டிக்கரின் நடுவில் இந்த வகை வரி பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் காட்டும் "8 ஜிபி டிடிஆர்3" என்ற பெரிய எழுத்தைவிட இதுதான் முக்கியம். பிசி3-க்குப் பின்னால் வரும் எல் தான் 1.35 வோல்ட். 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் போகும் என்பது, 8ஆல் வகுத்தால் 1600. 10600 என்றிருந்தால் 1333 வேகம். கடைசி எஸ், லேப்டாப்புக்கான சிறிய ஸ்டிக் என்பதற்கு. முன்னால் வரும் 2ஆர், ரேங்க் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் கூட்டம்) இரண்டு என்பது. எக்ஸ்8, ஒவ்வொரு சிப்பும் ஒரே சமயத்தில் 8 பிட் தரும் என்பது. ஒரு ரேங்குக்கு 64 பிட் வேண்டும், அதனால் எட்டுச் சிப். இரண்டு ரேங்க் என்றால் பதினாறு. 8 ஜிபியை 16ஆல் வகுத்தால் சிப் ஒன்றுக்கு 4 ஜிகாபிட், நமக்குச் சரி. அதே 8 ஜிபி ஸ்டிக்கில் 1ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் சிப் எட்டுதான், ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட், ஹாஸ்வெல் படிக்காது. அப்படிப்பட்டவை அதிகம் வருவதில்லை, ஆனால் வருகின்றன.

புது ஸ்டிக் வாங்குவதானால் வேலை சுலபம். உதாரணத்துக்கு கிங்ஸ்டனில் கேவிஆர்16எல்எஸ்11/8 என்ற எண்ணைக் கேட்டு வாங்கலாம். எண்ணுக்குள் எல் இல்லாமல் வெறும் எஸ் மட்டும் வந்தால் அது 1.5 வோல்ட். எங்களுக்குப் பட்ஜெட் கட்டவில்லை. ரேம் அப்படியொன்றும் தேய்கிற பொருள் இல்லை என்பது என் கட்சி. கழற்றிய ஸ்டிக் நன்றாகவே உழைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் கழற்றிய ரேமை வாங்கி விற்கும் சின்னக் கடைகள் நிறைய. நாங்கள் நின்ற கடையில் பிளாஸ்டிக் தட்டு நிறைய ஸ்டிக்குகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன.

"அண்ணே, டி440பி-க்கு 8 ஜிபி."

"எல்லாமே டிடிஆர்3 தான் சார், எதை எடுத்தாலும் ஓடும்."

எதை எடுத்தாலும் ஓடாது என்று அவரோடு வாதாட அங்கே போகவில்லை. தட்டை இப்படித் தள்ளச் சொல்லிவிட்டு, போன் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் படித்தோம். நிறைய ஸ்டிக்குகள் 2 ஜிபி, 4 ஜிபி. 8 ஜிபி என்று தேறியவற்றில் சில பிசி3, எல் கிடையாது, அதெல்லாம் ஒதுங்கியது. ஒன்று பார்க்கப் புத்தம் புதிது. பளபளப்பான ஸ்டிக்கரில் நான் கேள்விப்படாத பெயர், கீழே பெரிதாக "டிடிஆர்3எல் 1600". பொடி எழுத்து வரி மட்டும் காணோம். விலையும் குறைத்தே சொன்னார்.

இந்த மாதிரி இடத்தில் ஸ்டிக்கரை விட்டுவிட்டுச் சிப்பைப் படிக்க வேண்டும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், சிப்பின் மேல் லேசரால் பொறித்ததை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால்தான் எழுத்து தெரியும், நேராக அடித்தால் வெறும் கறுப்பு. ஸ்டிக்கர் மூடாத ஓரச் சிப்பில் எச்5டிக்யூ4ஜி83 என்று தெரிந்தது. ஹைனிக்ஸ் கம்பெனி சிப். 4ஜி என்றால் 4 ஜிகாபிட், 8 என்றால் எக்ஸ்8, அதுவரை நல்லது. ஆனால் டிக்யூ என்பது 1.5 வோல்ட். 1.35 என்றால் அங்கே டிசி என்று இருக்க வேண்டும். ஹைனிக்ஸ் 1.5 வோல்ட் சிப்புக்கு டிடிஆர்3எல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது கடைக்காரர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு வந்ததே அப்படித்தான் இருக்கும். திருப்பி வைத்துவிட்டோம். சாம்சங் சிப்பிலும் இதே போல் படிக்கலாம், கே4பி4ஜி08 என்று தொடங்கி, கடைசியில் ஒய்கே0 அல்லது சிகே0. மைக்ரான் சிப்பில் மட்டும் டி9 என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடுதான் இருக்கும். அதை வைத்து நேரடியாக எதுவும் புரியாது, ஸ்டிக்கின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எம்டி16கேடிஎஃப் என்று தொடங்கினால் 1.35, கே இருக்கும் இடத்தில் ஜே இருந்தால் 1.5.

கடைசியில் தட்டின் அடியில் ஓர் ஒரிஜினல் ஹைனிக்ஸ் அகப்பட்டது. எச்எம்டி41ஜிஎஸ்6 என்று தொடங்கும் எண், எஃப்ஆர்8ஏ-பிபி என்று முடிவு. அந்த ஏ 1.35 வோல்ட்டைக் குறிக்கும், சி இருந்தால் 1.5. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் எண்ணினான். தங்கப் பின்களில் கீறலோ கறுப்போ இல்லை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் குட்டி மின்தேக்கிகளில் எதுவும் பெயர்ந்து போயிருக்கவில்லை. கழற்றிப் போட்ட ஸ்டிக்குகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஒன்றோடொன்று உரசி இவை உதிர்ந்திருக்கும். ஓடவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

"இன்னொண்ணும் பார்ப்போம் மாமா, ஜோடியா இருந்தாத்தானே டூயல் சேனல்?"

டூயல் சேனல் என்றால் இரண்டு ஸ்டிக்கோடும் பிராசஸர் ஒரே சமயத்தில் பேசுவது. ஒன்று போதும் என்றேன். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. இருக்கும் 4ஐயும் புது 8ஐயும் சேர்த்தால் 12. இன்டெல் இதை ஃபிளெக்ஸ் முறையில் ஓட்டும். 4இல் இருந்து 4, 8இல் இருந்து 4 எடுத்து, முதல் 8 ஜிபியை இரண்டு சேனலாக ஆக்கிவிடும். மிச்சம் 4 மட்டும் ஒற்றைச் சேனல். டிக்கெட் கவுண்டர் இரண்டும் திறந்திருக்கும், வரிசை மிக நீண்டால் மட்டும் கடைசி ஆட்கள் ஒரே கவுண்டரில் நிற்பார்கள், அவ்வளவுதான். சாம்சங்கும் ஹைனிக்ஸும் சேருமா என்றால் சேரும். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சின்ன நினைவகத்தில் அதன் வேகமும் நேர அளவுகளும் பதிந்திருக்கும். லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் இரண்டையும் படித்து, எது மெதுவோ அதற்கு ஒத்துப்போகும். எங்களுடையது இரண்டுமே 1600, சிஎல் என்ற தாமத அளவும் இரண்டிலும் 11. எதுவும் குறையாது. ஒருவேளை 1333 ஸ்டிக் ஒன்றைச் சேர்த்திருந்தால் இரண்டும் 1333இல் ஓடியிருக்கும். அதுகூடப் படிக்கிற பையனுக்குப் பெரிய இழப்பில்லை. ரேம் பற்றாமல் ஸ்வாப்புக்குப் போவதன் வலியோடு ஒப்பிட்டால் வேக வித்தியாசம் தூசு. மிச்சமான பணத்தை ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு ஒதுக்கி வைத்தோம்.

வீட்டில் மாட்டுவது சின்ன வேலை. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்பக்க பேட்டரியைத் தாழ் தள்ளிக் கழற்றி, மிச்சமுள்ள மின்சாரம் இறங்க பவர் பொத்தானைச் சில நொடி அமுக்கிப் பிடித்தோம். இரண்டு திருகையும் தளர்த்தினால் போதும், அவை மூடியோடேயே நிற்கும், கீழே விழுந்து தொலையாது. மூடி நகர்ந்து வந்துவிடும். நிலை மின்சாரத்துக்காகக் கையுறை எதுவும் போடவில்லை, மெஷினுக்குள் தெரியும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். ஸ்டிக்கின் ஓரத்தை மட்டும் பிடித்து, சாய்வாக உள்ளே தள்ள வேண்டும். தங்கப் பின் ஒரு கீற்றாக வெளியே தெரிந்தாலும் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். முழுக்கப் போன பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கியும் கிளிக்கென்று பிடிக்கும். "ரேம் சேரவில்லை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த அரை மில்லிமீட்டர்தான்.

முதல் முறை போட்டபோது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பையன் முகம் மாறியது. பயாஸ் புது ஸ்டிக்கோடு பழகிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. நேர அளவுகளை ஒத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளும், அடுத்த முறை வழக்கம் போல எழும். பயாஸ் பக்கத்தில் 12 ஜிபி வந்தது. இன்னொன்றும் இங்கே கேட்டான், லெனோவா பயாஸ் தெரியாத வைஃபை கார்டை ஏற்காதாமே, ரேமையும் தடுக்குமா என்று. வைஃபைக்கு அந்தப் பட்டியல் உண்டு, ரேமுக்குக் கிடையாது.

பயாஸில் வந்துவிட்டது என்பதற்காக ஸ்டிக் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ பென்டிரைவில் ஏற்றி, பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸிலும் ஓடுகிறது, பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். காலையில் பிழை பூஜ்யம். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் ஸ்டிக்கை நேரே கடைக்குத் திருப்பியிருப்பேன். ரேமில் "ஒன்றுதானே, பரவாயில்லை" என்பது கிடையாது. அப்புறம் மூடியை மூடித் தூங்கவைத்து எழுப்பிப் பார்த்தோம். சேராத ஜோடி சில சமயம் மெம்டெஸ்டில் தப்பித்து, தூங்கி எழும்போது மாட்டிக்கொள்ளும். இது ஒழுங்காக எழுந்தது.

லினக்ஸில் பார்த்தால் 12க்குக் கொஞ்சம் குறைவாக, 11 சொச்சம் காட்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் அப்படி. அதே பிரவுசர், அதே விஎஸ் கோட், அதே ஜாவா புராஜெக்ட் திறந்து வைத்தும் ஸ்வாப் பூஜ்யத்திலேயே நிற்கிறது. லேப்டாப் எழுவதற்கு மட்டும் இன்னும் அதே நேரம்தான் ஆகிறது, ஹார்ட் டிஸ்க் மாறவில்லையே.

வேறு மாடல் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தை. கோர் 2 டுயோ காலத்து ஜிஎம்45 சிப்செட் லேப்டாப்களில், எக்ஸ்200, டி400 மாதிரி, 4 ஜிபி ஸ்டிக் போடுவதானால் அதிலும் பதினாறு சிப் இருக்க வேண்டும், எட்டுச் சிப் 4 ஜிபி அங்கே ஓடாது. அதற்கும் முந்தைய 945 சிப்செட்டில் 4 ஜிபி போட்டாலும் 3 சொச்சம்தான் கண்ணுக்குத் தெரியும், 64 பிட் விண்டோஸ் போட்டாலும் மாறாது. 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கை இன்னும் விடாதவர்களுக்கு 8 ஜிபியோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஸ்டிக் போட்டும் பயனில்லை. ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் சில மாடலுக்கு டிடிஆர்3எல், சில மாடலுக்கு டிடிஆர்4, ஊகிக்காமல் திறந்து பார்த்துவிடுங்கள். எக்ஸ்240-இல் ஒரே ஒரு ஸ்லாட், அதுவும் ஹாஸ்வெல், ஆக 8 ஜிபியே முடிவு. டி440எஸ்ஸில் 4 ஜிபி போர்டிலேயே ஒட்டியிருக்கும், ஸ்லாட் ஒன்று. எக்ஸ்1 கார்பன் என்றால் எல்லாமே ஒட்டியதுதான், வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

பையனுக்கு 16 ஆசை இன்னும் போகவில்லை. அதே வரி போட்ட இன்னொரு 8 மலிவாகக் கிடைத்தால் 4ஐக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் எஸ்எஸ்டி, அது அடுத்த வாரம்.